வில் எந்த மூலையில், மாப்ள?

என் மாப்ள முத்துவேலுக்கு,

அன்பு குறையாமல்தான் எழுதுகிறேன். சந்தேகமும் குறையவில்லை. இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொள்.

நீ உயிரோடு இருந்தபோது பதினோரு வருடம் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவன், நீ போய் மூன்று மாதம் கழித்துக் கடிதம் எழுதுகிறான். நீ இருந்தால் என்ன சொல்வாய் என்று தெரியும். "என்ன மச்சான், சாவகாசமா ஞாபகம் வந்துச்சாக்கும்" என்பாய். சாவகாசமெல்லாம் இல்லை. ஆவணி முகூர்த்தத்துக்கு இன்னும் நான்கு வாரம்தான் இருக்கிறது. அதற்குள் உன்னைப் பற்றி நான் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

இதை நம் ஆசிரியர்கள் படிக்கிற மாத இதழுக்கு அனுப்பப்போகிறேன். உனக்கு எழுதுவதை ஊர் ஏன் பார்க்க வேண்டும் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் வீட்டுச் சேதி. என் தங்கை ஈஸ்வரி, உன் மனைவி, நன்றாக இருப்பதாகத்தான் எல்லோரிடமும் சொல்கிறாள். நான் நம்பவில்லை. பவித்ராவின் கல்யாணத்தை, நீ பேசி முடித்துவிட்டுப் போனபடியே, அதே பையனோடு, நாகமலைப் பக்கத்து மண்டபத்தில் நடத்துகிறார்கள். கீழக்குயில்குடி விலக்கில் கட்டிய உன் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை. வெயிலில் உன் நீலச் சட்டை வெள்ளையாகிவிட்டது. அதில் மைத்துனர் என்று போட்டு என் பெயரையும் அச்சடித்திருக்கிறார்கள், எல்லோருக்கும் மேலே. என்னிடம் யாரும் கேட்கவில்லை. பெயரைக் கொடுத்தது யார் என்று ஒரு மாதம் விசாரித்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தேன். பந்தியில் உட்காராமல் கிளம்பியவனை ஈஸ்வரி வாசலில் மறித்தாள். அவள் கையில் உன் பள்ளிக்கூடத்துப் பை. ஜிப் போன இடத்தில் ஊக்கு குத்திய அதே கறுப்பு ரெக்சின் பை.

"இது ஒனக்குன்னு சொல்லி வச்சிருந்தாருண்ணே."

எப்போது சொன்னான் என்று கேட்டேன். எப்பவோ சொன்னார் என்றாள். எப்பவோ என்றால் எப்போது? உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருக்கலாமே? இதை நான் கேட்பதற்குள் அவள் அடுத்ததைக் கேட்டுவிட்டாள்.

"பவித்ரா கல்யாணத்துக்கு நீ வாரேல்ல? தாய்மாமன்தான் கையப் பிடிச்சு மேடைக்குக் கூட்டிட்டு வரணும். அவரும் இல்ல. நீயும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனா, எம்மக யார் கையப் பிடிச்சுண்ணே ஏறுவா?"

பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அந்தப் 'பார்ப்போம்' இன்னும் அப்படியேதான் நிற்கிறது. உன் வீட்டுப் பெண்ணை நான் கைப்பிடித்து அழைத்துவர வேண்டுமானால், நீ யார் என்பது எனக்குத் தெரிய வேண்டும். என்னைக் கவிழ்த்தவனா, கவிழ்க்காதவனா?

நாம் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்களாக இருந்த காலம் நல்ல காலம். அதை நான் மறுக்கவில்லை. நான் உனக்கு மூன்று வருடம் சீனியர். நீ வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடமே, உன் கையெழுத்தையும் பொறுமையையும் பார்த்து, என் தங்கையைக் கட்டிக் கொடுத்தேன். அதற்கு முன்னால் வாய்க்கு வந்தபடி கூப்பிட்ட மாப்ள, அதற்குப் பிறகு உண்மையாகவே மாப்ள ஆனாய்.

உன்னிடம் ஒரு பழக்கம் இருந்தது. கரும்பலகைக்கு முதுகைக் காட்டி, வகுப்பைப் பார்த்து நின்றுகொண்டு, பிள்ளைகளுடைய இடது வலதைத்தான் சொல்லுவாய். உன் வலது கைப்பக்கம் இருக்கும் மூலையை "ஒங்களுக்கு இடது" என்பாய். எல்லாக் கணக்கு வாத்தியாரும் செய்வதுதான். ஆனால் உனக்கு அது வகுப்போடு நிற்கவில்லை. யாரிடம் பேசினாலும் அவர் உனக்கு எதிரே வகுப்பில் உட்கார்ந்திருப்பதாகவே நினைத்து மாற்றிச் சொல்லுவாய். சலூனில், பின்னால் நின்று வெட்டுகிறவரிடம் இடது கிருதாவை ஏற்றச் சொல்ல நினைத்து வலதைச் சொல்லிவிட்டு, ஒரு வாரம் ஏறுமாறான கிருதாவோடு பள்ளிக்கூடம் வந்தாய். ஆசிரியர் அறை முழுக்கச் சிரித்தது. அதிகம் சிரித்தவன் நான்.

இனி அந்த வினாத்தாளுக்கு வருகிறேன். உனக்கு அது தலைகீழ்ப் பாடம். ஆனால் உன்மேல் என்ன சந்தேகம் என்பதை நான் வரிசையாக எடுத்துவைக்க வேண்டும். வாத்தியார் இல்லையா, படிப்படியாக எழுதினால்தான் மதிப்பெண்.

பதினோரு வருடத்துக்கு முன் அரையாண்டுத் தேர்வு. வட்டாரத்துப் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவான கணக்கு வினாத்தாளை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதில் ஒரு வடிவியல் கேள்வி. ABC, PQR என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு முக்கோணங்கள். A-யும் P-யும் உச்சியில். B-யும் Q-வும் கீழே இடது மூலையில். C-யும் R-உம் வலது மூலையில். AB-க்கும் PQ-வுக்கும் குறுக்கே ஒற்றைக் கோடு போட்டேன். BC-க்கும் QR-க்கும் இரட்டைக் கோடு. B-யிலும் Q-விலும், அதாவது இடது மூலைகளில், சமகோணம் என்று காட்ட ஆளுக்கொரு வில். 'குறிக்கப்பட்ட அளவுகளைக் கொண்டு இவை சர்வசம முக்கோணங்களா எனக் காண்க. காரணம் கூறுக.' ஐந்து மதிப்பெண்.

விடை சுலபம். இரண்டு பக்கம், அந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட கோணம். பக்கம், கோணம், பக்கம். சர்வசமம்.

அச்சாகி வந்தபோது வில் இடம் மாறியிருந்தது. இடது மூலைகளில் இருந்த இரண்டு வில்லும் வலது மூலைகளுக்குப் போயிருந்தன. C-யில் ஒன்று, R-இல் ஒன்று. கோடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. கோணம் இப்போது இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் இல்லை. அந்த அளவுகளை வைத்து முக்கோணத்தைக் கட்டினால் என்ன ஆகும் என்று உனக்கா சொல்ல வேண்டும்? BC-யை வரைந்து, C-யில் அந்தக் கோணத்துக்கு ஒரு கோட்டை நீட்டி, B-யில் காம்பஸ் முள்ளை ஊன்றி AB நீளத்துக்கு வீசினால், AB குட்டையாக இருக்கிறபோது அது கோட்டை இரண்டு இடத்தில் வெட்டும். ஒரே குறிகள், இரண்டு முக்கோணங்கள். ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம். சர்வசமம் என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் கொடுத்திருந்த விடைக்குறிப்பிலோ சர்வசமம் என்று இருந்தது. எல்லாப் பள்ளியிலும் அதன்படியே திருத்தினார்கள். படத்தைப் பார்க்காமல் பழக்கத்தில் எழுதிய பிள்ளைகள் ஐந்தும் வாங்கினார்கள். படத்தை உற்றுப் பார்த்து 'சொல்ல முடியாது' என்று எழுதியவர்கள் ஐந்தையும் இழந்தார்கள். அப்படி இழந்த ஒரு பெண்ணின் அப்பா வக்கீல். விஷயம் பத்திரிகைக்குப் போனது. தை மாதம் விசாரணை வந்தது.

இங்கே ஒன்றை எழுத எனக்குக் கை கூசுகிறது. வினாத்தாளை எழுதியவரே அச்சகத்துக்குக் கொண்டுபோக வேண்டும், வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாது என்பது விதி. நான் கொண்டுபோகவில்லை. அன்று மத்தியானம் கொட்டாம்பட்டிப் பக்கம் பெரியப்பா மகன் வீட்டுக் கிடா விருந்து. அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, கையெழுத்துப் பிரதியை உறையில் போட்டு உன் கையில் கொடுத்து, ஒரு எட்டுப் போய் அடிக்கக் கொடுத்துவிட்டு வா என்றேன். நீ தயங்கினாய். "நீ போறதுதான மச்சான் முறை" என்றாய். ரொம்ப முறை பார்க்காதே, உனக்கும் ஒரு தொடைக்கறி பார்சல் வாங்கி வருகிறேன் என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

மறுநாள் காலையில், அச்சகத்தில் பிழை பார்க்கக் கொடுத்த மெய்ப்புத் தாளை நீ நீட்டினாய். பார்த்துவிட்டாயா என்று கேட்டேன். பார்த்துவிட்டேன் என்றாய். விருந்துச் சாப்பாட்டின் ஏப்பம் இன்னும் தீரவில்லை எனக்கு. படத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.

விசாரணை அதிகாரி என்னிடம், அச்சகத்துக்குக் கொண்டுபோனது நீங்கள்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? உன்னையும் கூப்பிட்டு, இதில் உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார். நான் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியாதுங்கய்யா" என்றாய்.

ஆனியில் என்னைக் கொட்டாம்பட்டி தாண்டி ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போட்டார்கள். தலைமை ஆசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் இருந்த என் பெயரை எடுத்தார்கள். எனக்கு அடுத்த பெயர் உன்னுடையது.

இப்போது சொல், நான் சந்தேகப்பட்டது தப்பா? பிரதி உன் கையில் இருந்தது. வாய் திறக்க வேண்டிய இடத்தில் நீ திறக்கவில்லை. பதவி உனக்கு வந்தது. ஆறு வருடம் தினமும் விடியலில் மாட்டுத்தாவணியில், பூ மூட்டைகளுக்கு நடுவே நின்று அந்த பஸ்ஸைப் பிடித்தேன். மல்லிகை வாசனை வந்தாலே இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. கொட்டாம்பட்டி போய்ச் சேரும்வரை டிக்கெட்டின் பின்பக்கத்தில் முக்கோணம் போட்டுக்கொண்டிருப்பேன். வில்லை இடது மூலையில் போடுவேன், வலது மூலையில் போடுவேன். இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு ஒரு வில் தானாக நகருமா? யாரோ நகர்த்தினால்தானே நகரும்?

நீ இரண்டு முறை போன் செய்தாய். எடுக்கவில்லை. மூன்றாவது முறை நீ செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று அதற்கும் கோபப்பட்டேன்.

உன் பையைக் கொண்டுவந்து இரண்டு வாரம் திறக்காமல் பரணில் வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்தேன். சிவப்புப் பேனாக்கள், சாக்பீஸ் டப்பா, ஒரு கால் ஆடுகிற மரக் காம்பஸ். அதற்கடியில் பிளாஸ்டிக் உறைக்குள் என் கையெழுத்துப் பிரதி.

வில் இடது மூலையில் இருந்தது, மாப்ள. B-யிலும் Q-விலும். நான் போட்டது போட்டபடி. அந்த ஒரு தாளை அன்று மேசையில் வைத்திருந்தால் தப்பு என் கையில் இல்லை என்று தெரிந்திருக்கும். பதினோரு வருடமாக அதை நீ பைக்குள் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறாய். வீட்டில் தனியாக இருந்தேன். சத்தமாகவே சொன்னேன், நான் நினைத்தது சரிதான் என்று. சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைக்காதே. சந்தேகப்பட்டே வயதானவனுக்குச் சந்தேகம் உறுதியாவதைவிட வேறு என்ன சந்தோஷம்?

தாளில் ஒன்று மட்டும் புரியவில்லை. என் எழுத்துகள்மேல் அங்கங்கே சிவப்பு மையில் சின்னச் சின்னக் கோடுகள். ஒரு 'ழ'வின் வாலில் ஒற்றைக் கோடு. ஒரு 'கு'வின் வளைவில் இரட்டைக் கோடு. ஒரு 'ண'வின் மடிப்பில் குட்டி வில். பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்திருப்பாய் என்று விட்டுவிட்டேன்.

மறுநாளே அச்சகத்துக்குப் போனேன். மேலமாசி வீதிச் சந்தில் அதே கடைதான், அதே கனி பாய்தான். இப்போது ஃபிளெக்ஸ் வேலை. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க சார். ஃபிளெக்ஸ்ல ஒங்க பேரப் போடச் சொன்னது யாருன்னு கேக்கத்தான வந்தீக? ஊரெல்லாம் கேட்டுத் திரியிறீகன்னு சொன்னாக. ஒங்க தங்கச்சிதான் சார். மொதப் பேரா போடணும்னாக."

அதற்கு வரவில்லை என்று சொல்லித் தாளை மேசையில் வைத்தேன். கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. கடை வாழ்க்கையில் பத்திரிகைக்காரர்கள் வந்து நின்ற ஒரே வேலையை எப்படி மறப்பேன் என்றார். அன்று நடந்ததைச் சொல்லுங்கள் என்றேன்.

"சார் இந்தா இங்கன, எனக்கு எதுத்தாப்ல உக்காந்திருந்தாரு. கம்ப்யூட்டரு என் பக்கம். பேப்பரு அவரு கையில. நான் முக்கோணத்தப் போட்டேன், கோடெல்லாம் போட்டேன். வில்லு எந்தப் பக்கம் சார்னு கேட்டேன். பேப்பரப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. 'ஒங்களுக்கு வலது'ன்னாரு. வலதுல வச்சேன்."

"ஒங்களுக்கு வலதுன்னா சொன்னான்?"

"ஆமா சார். எனக்கென்ன தனி வலது, ஒங்களுக்கென்ன தனி வலதுன்னு நாங்கூடச் சிரிச்சேன்."

அங்கே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

உன் ஏறுமாறான கிருதா கண்முன்னால் வந்து நின்றது. தாளில் வில் இடது பக்கம். எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான். எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு எல்லாவற்றையும் மாற்றிச் சொல்வது உன் இருபது வருட வகுப்பறைப் பழக்கம். தாளில் இடது என்றால் திரையிலும் இடதுதான், அதை மாற்ற வேண்டியதில்லை என்று உனக்கு உறைக்கவில்லை. மாற்றிச் சொல்லிவிட்டாய். கணக்கு வாத்தியாரைத் தவிர வேறு யாராலும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது. என் ஆறு வருட பஸ் பயணம், போன பதவி, பேச்சு நின்ற வீடு, எல்லாம் ஒரு கிருதாவில் வந்து நின்றது.

ஆனால் நான் லேசில் விடுகிறவன் இல்லை. கனி பாய் தன் தப்பை உன் தலையில் ஏற்றுகிறாரோ என்று நினைத்தேன். செத்தவன்மேல் போடுவது சுலபம். ஆனால் 'ஒங்களுக்கு' என்ற அந்த ஒரு வார்த்தையை அவரால் கற்பனை செய்ய முடியாது. அது உன் வாய்.

சரி, வில்லை நீ வேண்டுமென்று நகர்த்தவில்லை. அதை விடுகிறேன். இந்தத் தாள் உன் கைக்கு எப்போது வந்தது என்று அடுத்துக் கேட்டேன். அசல் பிரதிகளைக் கடையில் ஒரு பெட்டியில் போட்டுவைப்பாராம், வந்து கேட்டால் கொடுப்பாராம். விசாரணையின்போது எனக்கு அது தெரியாது, போய்க் கேட்கவும் தோன்றவில்லை. நீ வந்து கேட்டு வாங்கிப் போனாயாம்.

"எப்ப வந்தான்?"

"எப்பன்னு கேட்டா எப்பிடிச் சார் சொல்ல? மழை பெஞ்சுச்சு. நனையாம இருக்க ஒரு பிளாஸ்டிக் கவரு கேட்டு வாங்கிட்டுப் போனாரு. அம்புட்டுத்தான் ஞாபகம்."

மழை. மதுரையில் மழை எப்போது பெய்யும்? மார்கழித் தொடக்கத்திலும் பெய்யும். ஆவணி, புரட்டாசியிலும் பெய்யும். மார்கழியில் வாங்கியிருந்தால், தை மாத விசாரணையின்போது தாள் உன் கையில் இருந்திருக்கிறது, நீ என்னைக் காப்பாற்றவில்லை. ஆவணியில் வாங்கியிருந்தால், விசாரணையின்போது உன்னிடம் காட்ட எதுவும் இல்லை. பிறகு எதற்கு வாங்கினாய் என்பது வேறு கேள்வி.

உன் 'தெரியாதுங்கய்யா'வையும் இப்படித்தான் இரண்டாகப் பார்க்க முடிகிறது. பதவி கைநழுவும் என்று பயந்து அப்படிச் சொல்லியிருக்கலாம். அல்லது, 'நான்தான் கொண்டுபோனேன்' என்று நீ உண்மையைச் சொன்னால், விதியை மீறிப் பிரதியைப் பிறர் கையில் கொடுத்துவிட்டுக் கறி தின்னப் போனவன் என்று என்மேல் இன்னொரு குற்றம் ஏறும், என் பொய்யும் வெளியே வரும். அதற்காக வாயை மூடியிருக்கலாம். எனக்குத் தெரிந்த அளவுகளை வைத்துக் கட்டிப் பார்க்கிறேன். காம்பஸ் இரண்டு இடத்தில் வெட்டுகிறது. இரண்டு முத்துவேல் வருகிறார்கள். ஒருவன் கோழை. ஒருவன் என்னைவிட நல்லவன். எவன் என் தங்கையோடு வாழ்ந்தான்?

இந்தக் குழப்பத்தில்தான் போன வாரம் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். அடி அட்டைக்குக் கீழே நாலாக மடித்த ஒரு ஜெராக்ஸ் தாள் இருந்தது.

இதுவரை ஒன்றைச் சொல்லாமல் எழுதிக்கொண்டு வந்தேன். இனி முடியாது. நீ தலைமை ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்த அடுத்த மாதம், ஆடியில், கல்வி அலுவலகத்துக்கு ஒரு மொட்டைப் பெட்டிஷன் போனது. வினாத்தாளில் வேண்டுமென்றே படத்தை மாற்றி, மூத்த ஆசிரியரைக் கவிழ்த்துப் பதவி பிடித்தவர் என்று உன் பெயரைப் போட்டு எழுதியிருந்தது. கடைசியில் 'இப்படிக்கு, உண்மை விளம்பி'. அதை எழுதியவன் நான். தட்டச்சுக்குக் கொடுத்தால் யாருக்காவது தெரிந்துவிடும் என்று கையால் எழுதினேன். எழுத்தைச் சாய்த்து, மாற்றி மாற்றி எழுதினேன். என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

விளக்கம் கேட்டு அதன் நகலை உனக்கு அனுப்பியிருக்கிறார்கள். பைக்குள் இருந்தது அதுதான்.

அதன்மேலும் சிவப்பு மைக் கோடுகள் இருந்தன. ஒரு 'ழ'வின் வாலில் ஒற்றைக் கோடு. ஒரு 'கு'வின் வளைவில் இரட்டைக் கோடு. ஒரு 'ண'வின் மடிப்பில் குட்டி வில். வினாத்தாள் பிரதியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். நான் எழுத்தைச் சாய்த்தேனே தவிர, 'ழ'வின் வாலை என்னால் மாற்ற முடியவில்லை. நீ இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சமமான இடங்களுக்குச் சமமான குறி போட்டிருக்கிறாய், இரண்டு முக்கோணங்களுக்குப் போடுவதுபோல. ஒரு குறிகூடத் தப்பான மூலையில் இல்லை.

பெட்டிஷனின் அடியில், உண்மை விளம்பிக்குக் கீழே, உன் அழகான கையெழுத்தில் இரண்டே வார்த்தைகள்: காரணம் கூறுக.

அதற்குக் கீழே ஐந்து வரி இடம் விட்டிருந்தாய்.

இந்த நகலை நீ அலுவலகத்தில் காட்டவில்லை. காட்டியிருந்தால் என் வேலையே போயிருக்கும். ஈஸ்வரியிடமும் காட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன். நினைக்கிறேனே தவிர உறுதி இல்லை. முந்தாநாள் அவள் போன் செய்தாள். பையைப் பார்த்தாயா என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன்.

"எல்லாத்தையுமாண்ணே?"

"எல்லாத்தையும்."

பிறகு கல்யாணப் பத்திரிகை அடித்து வந்துவிட்டது என்றாள், தாய்மாமன் பெயரைப் போட்டிருப்பதாகச் சொன்னாள், வைத்துவிட்டாள். அவளுக்குத் தெரியுமா, மாப்ள? தெரிந்துதான் ஃபிளெக்ஸில் என் பெயரை முதலில் போடச் சொன்னாளா? ஜிப் போன பைக்குப் புதிதாக இருந்ததே அந்த ஊக்கு, அதைக் குத்தியது நீயா, அவளா?

உன்மேல் எனக்குள்ள வருத்தம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். மெய்ப்பைப் பார்த்துவிட்டேன் என்று சொன்னாயே, பார்த்தாயா? இடது வலது மாறிவிட்டது மச்சான் என்று ஒரு நாள், பஸ் நிறுத்தத்தில் வந்து என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தால் என்ன? மாட்டுத்தாவணி உன் வீட்டிலிருந்து எம்புட்டுத் தூரம்? குறி போட்டுக் கண்டுபிடித்தவன், கேள்வியையும் எழுதிவைத்தவன், அதை ஏன் கொண்டுவந்து என்னிடம் கொடுக்கவில்லை? இதற்கெல்லாம் உன்னிடம் பதில் வாங்க முடியாது என்பதே எனக்கு இப்போது பெரிய கோபமாக இருக்கிறது. இரண்டு முத்துவேலில் எவன் என்பதை அந்த மழைதான், விசாரணைக்கு முந்தைய மார்கழி மழையா, பெட்டிஷனுக்குப் பிந்தைய ஆவணி மழையா என்று, சொல்ல வேண்டும். அது சொல்லப்போவதில்லை. ஆவணி வருவதற்குள் உன்னைப் பற்றி முடிவுக்கு வருவேன் என்று ஆரம்பித்தேன். முடியவில்லை. என்னைப் பற்றி மட்டும்தான் வர முடிந்தது.

நீ விட்டுவைத்த ஐந்து வரியில் எழுதுகிறேன். காரணம்: வினாத்தாளை உன் கையில் திணித்துவிட்டு விருந்துக்குப் போனவன் நான். படத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் நான். அதை ஒப்புக்கொள்வதைவிட நீ துரோகி என்று நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது. அந்த நாற்காலியில் நீ உட்கார்ந்ததைப் பொறுக்க முடியவில்லை. அதனால் பெயரில்லாமல் எழுதினேன்.

மதிப்பெண் போடுவது உன் வேலை.

வரும் வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்கு வாரேன். இந்தக் கடிதத்தையும் அந்த இரண்டு தாள்களையும் எடுத்துவந்து, ஈஸ்வரிக்கும் பவித்ராவுக்கும் நானே படித்துக் காட்டுவேன். ஈஸ்வரிக்கு முன்பே தெரிந்திருந்தாலும் சரி, என் வாயால் கேட்கட்டும். அதற்குப் பிறகு பவித்ரா கையை நீட்டினால் பிடித்துக்கொண்டு மேடை ஏறுவேன். நீட்டாவிட்டால் மண்டப வாசலில் நின்று வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுப்பேன். இரண்டில் எது என்றாலும் முகூர்த்தத்துக்கு அங்கே இருப்பேன். இது உனக்கு என் வாக்கு.

முன்பு உன்னைப் பற்றி எழுதியதற்குக் கீழே என் பெயர் இல்லை. இதற்குக் கீழே இருக்கிறது.

பவித்ராவின் தாய்மாமன்,
உன் மச்சான்
ஜெயபாண்டி